விலை குறைந்த ஹெட்போன்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒலிநூல்களைக் கேட்டுப் பிழை திருத்துவது என் வேலை. வாசிப்பவர் மூச்சு வாங்கும் ஓசை, எச்சில் விழுங்கும் ஓசை, இரு வேறு நாள்களில் பதிவானதை ஒட்டிய இடத்தில் குரல் மாறுவது, பின்னணியில் ஓடும் மின்விசிறி என்று எல்லாவற்றையும் பிடித்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். அதனால் பகல் முழுக்க ஹெட்போன் தலையில்தான் இருக்கும். கண்ணாடியும் போடுகிறேன். இத்தனை காலமும் நான் வேலை செய்தது எளிய விலை ஹெட்போன்களில்தான். அவற்றில் அருமையானதும் உண்டு, காசுக்குப் பிடித்த கேடும் உண்டு. எது எந்த வகை என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தலையில் மாட்டி முறையாக ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒலி, வசதி, உறுதி மூன்றையும் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கில் மூன்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பாஸ், அதாவது தாழ்ந்த சுருதிகளின் ஒலி, கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஈக்வலைசரில் (ஒவ்வொரு சுருதிப் பகுதியின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) இறக்கிக்கொள்ளலாம். காது மடலை நசுக்கும் குஷனை எந்த ஆப்பும் சரிசெய்யாது. மடக்கும் இடத்தில் விரிசல் விடும் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். பிறகு திருத்த முடியாத குறை இருந்தால் அந்த ஹெட்போனை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மீதமுள்ளவற்றில், எதற்குக் குறைவான திருத்தம் தேவைப்படும் என்று பாருங்கள். ஆனால் ஒலியை ஒப்பிடுவதில்தான் ஏமாறுவதற்கு வழி அதிகம். அதனால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

"20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அச்சிட்டிருப்பார்கள். ஹெர்ட்ஸ் எண் கூடக் கூடச் சுருதி உயரும். மனிதக் காதுக்கு எட்டும் எல்லையும் ஏறத்தாழ அதுதான். ஆனால் அந்த எல்லைக்குள் சத்தம் எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 30 ஹெர்ட்ஸில் சத்தம் 20 டெசிபல் விழுந்துபோன ஹெட்போனிலும் அதே வரியைப் போட்டுவிடலாம். டிரைவர் (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் பகுதி) 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதை வைத்தும் ஒலி நன்றாக இருக்குமா என்று சொல்ல முடியாது.

உதவக்கூடிய எண்கள் இரண்டு: இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, ஓமில் சொல்வார்கள்), சென்சிடிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழுப்பும் என்பது). போனிலோ லேப்டாப்பிலோ நேராகச் செருகுவதற்கு 16 முதல் 32 ஓம் வரை உள்ளவை பொதுவாகச் சிரமம் தருவதில்லை. சென்சிடிவிட்டியைச் சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று தருவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு என்று தருவார்கள். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 32 ஓம் ஹெட்போனுக்கு, மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்பதும் வோல்ட்டுக்குச் சுமார் 115 டெசிபல் என்பதும் ஒன்றுதான்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பற்றி ஒரு தகவல். யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை ஒலி எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அதன் முடிவு. கூடுதல் காசு பொருளின் தரம், நுட்ப வசதிகள், பெயர் என்று எங்கெங்கோ போகிறது. ஆகவே மலிவான ஹெட்போனைக் கையில் எடுக்கும்போதே மனதைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம்.

சத்தம் சமமாக இருக்க வேண்டும்

இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டால் ஒலியைப் பற்றி நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் செல்லாது. இரண்டு ஹெட்போனில் ஒன்று துளி சத்தமாக ஒலித்தாலும் போதும், நம் மனம் அதை "சத்தம் கூடுதல்" என்று எடுத்துக்கொள்ளாது. "இதில் தெளிவு அதிகம், பாஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூட இந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வரைபடங்களைப் பார்த்தால், சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த சுருதிகள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்குவது தெரியும். வால்யூமைக் கூட்டினால் பாஸ் தானாகவே முன்னால் வந்து நிற்கும். இப்படித்தான் அதிகம் கத்தும் ஹெட்போன் "பாஸ் உள்ள ஹெட்போன்" என்று பெயர் வாங்குகிறது.

சமப்படுத்த எளிய வழி இது. கெட்டியான அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் போனின் மைக் துளை அளவுக்கு ஓட்டை போடுங்கள். அட்டைக்கு ஒரு பக்கம் போனின் மைக், மறுபக்கம் ஹெட்போனின் கப், இரண்டும் இடைவெளி இல்லாமல் பதிந்திருக்க வேண்டும். சத்தத்தை அளக்கும் ஆப் ஏதாவது ஒன்றைத் திறந்து, அதில் ஏ-வெயிட்டிங் (நம் காது கேட்கும் விதத்தை ஒட்டி அளக்கும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு கருவியிலிருந்து பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஹெட்போனை அதே இடத்தில் அதே அழுத்தத்தில் வைத்து, அதே எண் வரும்வரை வால்யூமை நகர்த்துங்கள். போன் காட்டும் எண் உண்மையான டெசிபலாக இருக்க வேண்டியதில்லை. ஒரே மைக்கால் இரண்டையும் அளப்பதால், வித்தியாசம் ஏறத்தாழச் சரியாகவே வரும். போனில் வால்யூம் படிகள் பெரிது பெரிதாக இருக்கும். கணினியில் பிளேயரின் வால்யூமை நகர்த்தினால் இன்னும் நுணுக்கமாகப் பொருத்தலாம்.

அட்டையும் மைக்கும் வேண்டாம் என்றால், ஒரே ஆள் சீராகப் பேசும் பதிவு ஒன்றைப் போட்டு, அந்தக் குரல் இரண்டிலும் ஒரே தூரத்திலிருந்து பேசுவது போலத் தோன்றும்வரை சரிசெய்யுங்கள். அட்டை முறை அளவுக்குத் துல்லியம் வராது. ஆனாலும் எதுவும் செய்யாமல் கேட்பதைவிட எவ்வளவோ மேல்.

அதோடு போனிலும் கணினியிலும் இருக்கும் பாஸ் பூஸ்ட், "சினிமா ஒலி" மாதிரியான ஜோடனைகள், பழைய ஈக்வலைசர் அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் என்றால் அதன் ஆப்பிலும் தனியாக ஒரு ஈக்வலைசர் ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

பல முறை கேட்டு மனப்பாடமாகிப்போன பதிவுகளையே எடுங்கள். புதுப் பாட்டில் கேட்கும் குறை பாட்டினுடையதா ஹெட்போனுடையதா என்று பிரிக்க முடியாது. ஒலியின் நுணுக்கங்கள் நம் நினைவில் சில நொடிகள்தான் நிற்கும். அதனால் முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். பத்துப் பதினைந்து நொடித் துண்டு ஒன்றை எடுத்து, சட்டென்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். முதல் சுற்றில் எந்த ஹெட்போனில் தொடங்கினீர்களோ, அடுத்த சுற்றை மற்றதில் தொடங்குங்கள். பாஸ் கனத்த ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தால் சரியாக இருக்கும் ஹெட்போன்கூட மெலிந்து ஒலிக்கும். இடமாற்றிக் கேட்டால் இந்த மயக்கம் வெளிப்பட்டுவிடும்.

நான் எப்போதும் பேச்சுக் குரலில்தான் தொடங்குவேன். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நமக்குப் பிறந்தது முதல் தெரியும். குரல் கெட்டிருந்தால் காது உடனே எதிர்க்கும். ஆண் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவது போல உருண்டு வந்தால் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை தேவைக்கு மேல் வீங்கியிருக்கிறது என்று பொருள். விலை குறைந்த ஹெட்போன்களில் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் குறை இது. பாஸ் அதிகம் என்று காட்டுவதற்காக அந்தப் பகுதியைத் தூக்கிவிடுவார்கள். நிஜமான தாழ்ந்த சுருதி 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது, அது வந்திருக்கவே வந்திருக்காது. பெண் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல மங்கியிருந்தால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை பள்ளம் விழுந்திருக்கிறது.

அடுத்து ஸ, ஷ, ச வரும் சொற்கள். இவற்றின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அந்த இடம் தூக்கலாக இருக்கும் ஹெட்போனில் முதல் ஐந்து நிமிடம் எல்லாம் பளிச்சென்று கேட்கும். ஒரு மணி நேரம் போனதும் ஒவ்வொரு "ஸ்" வரும்போதும் நெற்றி சுருங்கும். கடையில் கவர்ந்து, வீட்டில் தலைவலி தரும் ஹெட்போன்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பாஸைச் சோதிக்க எனக்கு மிருதங்கத்தை மிஞ்சிய வாத்தியம் இல்லை. தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்துத் தொப்பியில் அடித்துவிட்டு, வித்துவான் மணிக்கட்டால் தோலை அழுத்தி நகர்த்தும்போது சுருதி வளைந்து மேலே ஏறும். அதைக் குமுக்கி என்பார்கள். நல்ல ஹெட்போனில் அந்த வளைவை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பின்தொடரலாம். எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று வாயால் பாடிக் காட்டலாம். வீங்கிய பாஸ் உள்ள ஹெட்போனில் "தூம்" என்ற ஒரே மொத்தைச் சத்தம்தான் மிஞ்சும், வளைவு அதற்குள் புதைந்துபோகும். மெலிந்த ஹெட்போனில் அடி மட்டும் கேட்கும், அதன் உடம்பு கேட்காது. அப்புறம் வலந்தலை. அங்கே விழும் ஒவ்வொரு அடியும் கூர்மையாகத் தொடங்கி, சுருதியோடு ஒலித்து அடங்க வேண்டும். தொப்பியும் வலந்தலையும் வேகமாக மாறி மாறி விழும் இடத்தில் ஒன்றை ஒன்று மூடாமல் இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பாஸின் அளவு, கட்டுப்பாடு, நடுச் சுருதியின் தெளிவு மூன்றும் இந்த ஒரே துண்டில் தெரிந்துவிடும்.

கடைசியாகப் பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்கும் ஒரு இடம். அதில் பின்னால் இருக்கும் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் காதால் பிடித்துக்கொண்டே போங்கள். எந்த ஹெட்போனில் அது வழியில் தொலையாமல் வருகிறதோ அது நல்லது. காதுக் கப்பின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் வகையில் ஒலி கொஞ்சம் விரிந்து, தலைக்கு வெளியே வந்தது போல இருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கும். வெளிச்சத்தமும் உள்ளே வரும். தனி அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது பொருந்தும்.

ஒரு தடை மட்டும் எப்போதும் இருக்கும். எந்த ஹெட்போன் தலையில் இருக்கிறது என்று தலைக்கே தெரியும், அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பிட்டாலும் பயனில்லை. ஹர்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: ஒரே ஹெட்போனில் ஈக்வலைசர் மூலம் பல ஹெட்போன்களின் ஒலியைப் போலச் செய்து, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரின் ஒலியை ஒத்து, பாஸ் சற்றே ஏறிய ஒலியையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். "என் ரசனை தனி" என்று நாம் நினைக்கும் அளவுக்கு ரசனைகள் தூரம் தூரமாக இல்லை. எதை நோக்கி ஈக்வலைசரைத் திருப்புவது என்று தெரியாதவர்களுக்கு இது நல்ல தொடக்கப்புள்ளி.

பாட்டில் தெரியாத குறைகள்

20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏறும் ஒற்றை ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் தொடங்கி ஓடவிடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது கரகரப்போ அதிர்வோ கேட்டால் டிரைவரிலோ கூட்டிலோ ஏதோ தளர்ந்திருக்கிறது. ஆனால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். கப்புக்குள் விழுந்த ஒரு தலைமுடி டிரைவரின் சவ்வைத் தொட்டாலும் இதே கரகரப்பு வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முடி இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அடுத்து இரண்டு காதுக்கும் சத்தம் சமமா என்பது. மோனோவாக, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாக, பதிவான குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்போனைத் திருப்பி வலதை இடது காதில் மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஹெட்போனில். அதே பக்கத்திலேயே நின்றால் உங்கள் காதிலோ, அந்தப் பக்கம் குஷன் பதியும் விதத்திலோ இருக்கிறது. விலை குறைந்தவற்றில் ஒரே மாடலின் இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே இந்தச் சமநிலை வேறுபடும். ஆகவே மற்றவர் எழுதிய மதிப்புரையை நம்பி இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

காதும் குஷனும் சேரும் இடம்

ஒலியும் வசதியும் சந்திக்கும் இடம் இது. மூடிய வகை ஹெட்போனில் பாஸ் வர வேண்டும் என்றால் குஷன் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் ஒரு சிறு வழி திறந்துவிட்டால் போதும், தாழ்ந்த சுருதி அதன் வழியே போய்விடும். பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சட்டென்று பாஸ் கூடினால் உங்கள் தலையில் அது சரியாகப் பதியவில்லை. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடும் இல்லாமலும் கேட்டு, வித்தியாசம் குறைவாக உள்ளதை எடுங்கள். மெத்தென்று ஆழமாக அமுங்கும் நுரை காம்பைச் சுற்றி மூடிக்கொள்ளும். விறைப்பான நுரை மூடாது.

காதைச் சுற்றி உட்காரும் வகை என்று சொல்லி விற்பதில் பல, உண்மையில் காது மேலேயே உட்காரும். ஒரு ஸ்கேலை எடுத்துக் குஷனின் உள் துளையை அளந்துவிடுங்கள். உங்கள் காதின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். துளை அதைவிட ஒரு விரற்கடையாவது பெரிதாக இருந்தால் நிம்மதி. ஆழத்தையும் மறக்க வேண்டாம். காது மடலின் நுனி உள்ளே டிரைவரை மூடிய துணியில் உரசினால், அரை மணி நேரத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் எரியத் தொடங்கும்.

எடையைப் பற்றி என் அனுபவம் இதுதான்: 250 கிராமுக்குள் இருந்தால் எடை பெரும்பாலும் நினைவுக்கே வருவதில்லை. 300-ஐத் தாண்டினால் ஹெட்பேண்ட் எப்படிப் பதிகிறது என்பதுதான் எல்லாம். உச்சந்தலையில் ஒரே புள்ளியில் இறங்கினால் தாங்காது, அகலமாகப் பரவினால் தாங்கும். இறுக்கத்துக்கும் இதே விதி. தலையை முன்னால் குனிந்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நழுவாமல் இருக்கும் அளவுக்கு இறுக்கம் போதும், அதற்கு மேல் வேண்டாம். புதிதில் இறுக்கமாக இருப்பவற்றை, தலையைவிடக் கொஞ்சம் அகலமான பெட்டியின் மேல் சில இரவுகள் மாட்டி வைத்தால் தளரும். உள்ளே உலோகப் பட்டை உள்ளவற்றுக்குத்தான் இது. முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் உடைந்துபோகும்.

வசதியை ஐந்து நிமிடத்தில் தீர்மானிக்கவே முடியாது. நீங்கள் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் போட்டிருப்பீர்களோ அவ்வளவு நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். நான் நீளமான ஒரு அத்தியாயத்தைத் திருத்தி முடிக்கும்வரை கழற்ற மாட்டேன். நடுவில் கை தானாகக் கப்பை நகர்த்தப் போகிறதா என்று கவனியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனால் அந்த ஹெட்போன் உங்கள் தலைக்கு ஆனது கிடையாது, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ரெக்சின் மாதிரியான செயற்கைத் தோல் குஷன் சத்தத்தை நன்றாக அடைக்கும், காதைச் சூடாக்கும். வெல்வெட் மாதிரியான துணிக் குஷனில் காற்றோட்டம் இருக்கும், பாஸும் வெளிச்சத்தம் தடுப்பதும் கொஞ்சம் குறையும். எனக்குத் துணிதான் பிடிக்கும்.

சத்தமான இடத்தில் போடப்போகிறவர்கள் மட்டும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். வெளிச்சத்தத்தை அடைக்காத ஹெட்போன் என்றால் அதற்கு மேலாக வால்யூமைக் கூட்டித்தான் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். காது ஒருமுறை கெட்டால் மீட்க வழியில்லை. பேருந்து, ரயில் என்று போகிறவர்கள் பாஸைவிட இந்த அடைப்பைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

எங்கே உடையும்

ஹெட்போன் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் சாகும். முதலாவது வயர், அதிலும் செருகும் பின்னை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர். செருகிவிட்டுப் பாட்டு ஓடும்போது பின்னை மெதுவாகச் சுழற்றுங்கள், வயரைக் கப்பை ஒட்டிய இடத்தில் லேசாக வளையுங்கள். கரகரத்தாலோ ஒரு பக்கம் விட்டுவிட்டு வந்தாலோ அதை எடுக்க வேண்டாம். வயரைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால் நான் அதற்காகவே ஒலியில் சிறு குறையைப் பொறுத்துக்கொள்வேன். ஒரே வரிசை மாடல்களுக்குள்ளேயே இது மாறும்: ஆடியோ-டெக்னிக்காவின் எம்20எக்ஸில் வயர் நிரந்தரமாகப் பிணைந்தது, எம்40எக்ஸில் கழற்றலாம். கழற்றும் இடத்தில் சாதாரண 3.5 அல்லது 2.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா, அந்த நிறுவனத்துக்கே உரிய பூட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பூட்டு இருந்தால் வேறு வயர் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது, கப்பை ஹெட்பேண்டோடு சேர்க்கும் கவட்டையும் மடக்கும் கீலும். ஹெட்போனை இரண்டு கையாலும் தலைக்கு வேண்டிய அளவு விரித்து, மெல்ல முறுக்குங்கள். நெறுநெறுவென்று ஓசை வந்தாலோ, பிளாஸ்டிக் வெளுத்தாலோ எச்சரிக்கை. நீளம் கூட்டிக் குறைக்கும் பகுதியில் உலோகப் பட்டையும் அழுத்தமான படிகளும் இருந்தால் நல்லது. மடக்கும் வசதி தேவைப்படாதவர்கள் மடங்காததையே எடுங்கள். உடைய ஒரு இடம் குறையும்.

மூன்றாவது குஷன். செயற்கைத் தோலின் மேல்பூச்சு வியர்வையிலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, செதில் செதிலாக உதிரும். காதிலும் கழுத்திலும் கறுப்புத் துணுக்குகள் ஒட்டும். இது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வரும். ஆகவே வருமா என்று கேட்பதைவிட, மாற்றுக் குஷன் கிடைக்குமா, கையாலேயே கழற்றி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். 1984-இல் வந்த கோஸ் போர்ட்டா ப்ரோ பெரிய மாற்றமில்லாமல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் நுரைக் குஷனைப் பிய்த்து எடுத்துப் புதியதைப் போட ஒரு நிமிடம் போதும். பல ஆண்டு ஓடிய மாடலுக்கு உதிரிப் பொருள் எளிதில் அகப்படும் என்பதாலேயே, புதிதாக வந்த மின்னும் மாடலைவிடப் பழைய மாடலுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன். குஷனை மாற்றினால் ஒலியும் மாறும். வேறு வடிவத்தில் வாங்கிப் போட்டுவிட்டுப் பழைய ஒலியை எதிர்பார்க்க வேண்டாம்.

வயர் இல்லாதவை

ப்ளூடூத் ஹெட்போனை ஒப்பிடும்போது எல்டாக், ஆப்டெக்ஸ் என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களுக்கு மயங்காதீர்கள். எல்லாவற்றிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி கோடெக்கே நல்ல அமைப்பில் நன்றாக ஒலிக்கும். ஹெட்போனின் சுருதிச் சமநிலைதான் அதைவிடப் பெரிய விஷயம். இதைவிட முக்கியமான சோதனை மைக். பேச ஆரம்பித்ததும் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்கள் இசைக்கான இணைப்பை விட்டு அழைப்புக்கான இணைப்புக்கு மாறும். ஒலி மோனோவாகி, தொலைபேசியில் கேட்பது போலச் சுருங்கிவிடும். விளையாடிக்கொண்டே பேசுகிறவர்கள், நாள் முழுக்க ஆன்லைன் கூட்டங்களில் இருப்பவர்கள் இந்த நிலையில்தான் ஒலியைக் கேட்டு ஒப்பிட வேண்டும். எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை உள்ள கருவிகளில் நிலைமை மேல், ஆனால் ஹெட்போன், போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரியை எளிதில் மாற்ற முடியாத ஹெட்போன் என்றால், பேட்டரி ஓய்ந்த பிறகும் வயர் செருகிக் கேட்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு எடுக்கும்போது

முதல் சல்லடை வசதியும் உறுதியும். அதில் தங்கியவற்றுக்கு மட்டும் ஈக்வலைசர் போட்டுப் பாருங்கள். ஆட்டோஈக்யூ என்ற இலவசத் திட்டத்தில் ஏராளமான மாடல்களுக்கு அளவீடுகளை வைத்துத் தயாரித்த அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் மாடல் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். கையால் செய்வதானால், வீங்கிய இடத்தை இறக்குவதே பாதுகாப்பானது. எங்காவது 5 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப்பையும் (ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) 5 டெசிபல் கீழே இறக்குங்கள், இல்லையென்றால் உச்சத்தில் ஒலி கிழியும். இடது வலது வேறுபாடு, கரகரப்பு, குஷன் பதியாமல் போகும் பாஸ் ஆகியவற்றை ஈக்வலைசர் குணப்படுத்தாது. அவை இருந்தால் அந்த ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் கடைசியாக ஒப்பிட்ட இரண்டில், பெட்டியிலிருந்து எடுத்ததும் நன்றாக ஒலித்தது ஒன்று. 320 கிராம், ஆழமில்லாத கப், பிரிக்க முடியாத வயர். மற்றது 235 கிராம், துணிக் குஷன், கழற்றும் வயர். ஆனால் பாஸ் மெலிவு, "ஸ்" கொஞ்சம் கூர்மை. இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றி, 6,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கி, ப்ரீஆம்ப்பை 4 குறைத்தேன். பிறகு சத்தத்தைச் சமப்படுத்தி இரண்டிலும் மிருதங்கத்தைக் கேட்டபோது, குமுக்கி இரண்டிலும் ஒரே மாதிரி வளைந்து ஏறியது. காதில் இருந்த வித்தியாசம் போய்விட்டது. எடையில் இருந்த வித்தியாசம் அப்படியே இருந்தது.